நாப்பத்தாறு கை

அதைத்தான் பாக் நானும் கேக்கிறேன். பதினோரு வருஷமா ஒரு தடவை தப்பாத கை, அன்னிக்கு ஏழாவது நீளத்துல மட்டும் ஏன் தப்பணும்? யோசிங்க. யோசிக்கத்தானே விளையாட்டுச் சங்கம் உங்களை அனுப்பியிருக்கு. பாக்னு மரியாதையாக் கூப்பிடலாம்ல? குரலைப் பாத்தா என்னைவிடச் சின்னவர் மாதிரிதான் இருக்கு, இருந்தாலும் ஆபீசர்.

இருங்க, அந்த நாற்காலி வேணாம். சன்னல் வெயில் கண்ணைக் குத்தும். இந்தப் பக்கம் வாங்க. ம், அங்கதான். டீ உங்க முன்னால இருக்கு, மல்லிப்பூ போட்டது. குடிக்கல இல்ல? நான் குடிங்கன்னு சொல்ற வரைக்கும் தொட மாட்டீங்க, நல்ல வீட்டு வளர்ப்பு. நானும் இப்பவே சொல்லப் போறதில்ல. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு முதல்ல தெரியட்டும்.

இப்ப டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, என்ன அது? பேனாவா. போன் இல்லையே? பதிவு பண்றதா இருந்தா சொல்லிட்டுப் பண்ணுங்க. போன வாரம் ஒருத்தன் வந்தான், அவனும் சங்கத்து ஆளுன்னுதான் சொன்னான். ரெண்டு டம்ளர் டீ குடிச்சான், ஒரு தட்டு தெம்பே வறுவல் தின்னான். மறுநாள் பேப்பர்ல போட்டிருக்கான், நீச்சல்காரி பலூபிக்கு நெத்தியில அஞ்சு தையல், சுவத்துல மோதினதுக்கு யார் காரணம்னு. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா. அதுல இருந்து யாருக்கும் சீக்கிரம் குடிங்கன்னு சொல்றதில்ல.

அடையாள அட்டையா? வேணாம், உள்ள வைங்க. அட்டை அடிக்கிறதுக்கு என்ன, பசார் முழுக்க அந்தக் கடைதான்.

சரி, நீங்க வில்வித்தைப் பிரிவுல இருந்து மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சுன்னீங்க. அப்ப உங்களுக்கு எங்க வேலை தெரியாது. தெரியாத மாதிரி கேக்கிறீங்களோன்னும் ஒரு சந்தேகம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், சொல்றேன்.

பார்வை இல்லாதவங்க நீந்துறப்போ சுவரு எங்க வருதுன்னு அவங்களுக்குத் தெரியாது. அதனால குளத்துக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்கும். கையில நீளக் கம்பு, நுனியில பஞ்சு உருண்டை. சுவரு நெருங்கினதும் தலையில ஒரு தட்டு. தட்டு விழுந்த உடனே திரும்பிடுவாங்க. வாயைத் திறக்கக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அந்த ஒரு தட்டு மட்டும்தான். முன்னாடியே தட்டினா நேரம் போகும். பிந்தினா மண்டை போகும். பலூபிக்குப் புறப்படுற பக்கம் கோச் பாக் சசோங்கோ நிப்பாரு. எதிர்ப் பக்கம் நான். நானூறு மீட்டர்னா எட்டு நீளம். ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, இந்த நாலும் என்கிட்ட வந்துதான் திரும்பும்.

ஆமா, ஏழு என் பக்கம்தான். அதை நான் இல்லன்னு சொல்லலையே. ஏன் உடனே எழுதுறீங்க?

நான் கோச்சும் இல்ல, படிச்சவளும் இல்ல. நகராட்சிக் குளத்துல துண்டு துவைச்சுக்கிட்டு இருந்தேன். வியாழக்கிழமையானா பார்வையில்லாத பொண்ணுங்களுக்கான மசாஜ் பள்ளிக்கூடத்துல இருந்து ஆறு பொண்ணுங்களைக் கூட்டிட்டு வருவாங்க. அஞ்சு பேரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஒருத்தி கம்பியை விட்டுட்டுப் போவா. நேராப் போயி மூக்கால சுவத்தை முட்டுவா. ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டு மறுபடி போவா. மூணாவது வாரம் குளத்து மேனேஜர், இவ செத்தா நான்தான் பதில் சொல்லணும், இனி கூட்டிட்டு வராதீங்கன்னுட்டாரு. எனக்கு என்னமோ கோவம் வந்துச்சு. தரை துடைக்கிற கட்டையில இருந்து துணியைக் கழட்டிட்டு, பாத்திரம் தேய்க்கிற பஞ்சைச் சேத்துக் கட்டினேன். அவ வர்றப்போ தலையில ஒரு தட்டு.

திரும்பல. பஞ்சை எட்டிப் பிடிச்சுக்கிட்டா. யாரு, எதுக்கு என்னைச் சீண்டுறீங்கன்னு கேட்டா. சீண்டல, சுவரு வருதுன்னேன். உனக்கு இதனால என்ன கிடைக்கும்னா. பதினஞ்சு வயசுப் பொண்ணு பாக், முதல் பேச்சே இதுதான். ஒரு வாரம் நம்பல. நான் தட்டினதும் கையை நீட்டிச் சுவத்தைத் தடவிப் பாப்பா, நிஜமாவே இருக்கான்னு. அதனாலதான் எனக்கு அவளைப் பிடிச்சுது. நானும் அந்தச் சாதி. சும்மா கிடைக்கிறதை நம்ப மாட்டேன்.

அவ அம்மாவும் நம்பல. ஸ்ராகென்ல இருந்து பஸ் ஏறி வந்து, என் மகளை வெச்சு நீ என்ன வித்தை காட்டப் போறேன்னு இதே இடத்துல உக்காந்து கேட்டா. அவளுக்கும் நான் ரொம்ப நேரம் குடிங்கன்னு சொல்லல.

அப்புறம் பாக் சசோங்கோ வந்தாரு, பயிற்சி குடுத்தாரு. மாகாணம் ஜெயிச்சா. தேசியப் போட்டியில மூணு தடவை தங்கம். சுவத்துல தொங்குது பாருங்க. இல்ல, அது காலண்டர். அதுக்கு இந்தப் பக்கம். பாங்காக் போனோம், துபாய் போனோம். ப்ளேன்ல சன்னல் சீட் அவளுக்குத்தான் வேணும்பா. எதுக்குடின்னா, நீங்க பாத்து என்ன பண்ணப் போறீங்க இபு, நானாவது கண்ணாடியில சாஞ்சு தூங்குவேன்பா. பெத்தவளும் இபு, நானும் இபு அவளுக்கு.

ஜெயிக்க ஆரம்பிச்சதும் சந்தேகம் வந்துடுச்சு எல்லாருக்கும். இவளுக்குக் கண்ணு கொஞ்சம் தெரியுமாம்ல. ஒருத்தன் முகத்துக்கு நேரா கையை ஆட்டுவான். ஒருத்தி வழியில பெட்டியை வெச்சுட்டு, விலகிப் போறாளான்னு ஒளிஞ்சு நின்னு பாப்பா. பலூபி அந்தப் பெட்டி தடுக்கி விழுந்தா, முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. சட்டம் வேற. எல்லாரும் கறுப்பு ஒட்டின கண்ணாடி போட்டுட்டுத்தான் நீந்தணும், ஒரு பொட்டு வெளிச்சம்கூட யாருக்கும் கூடுதலா இருக்கக் கூடாதுன்னு. நீந்தி ஏறினதும் ஒரு அதிகாரி அந்தக் கண்ணாடியை வாங்கி விளக்குல பிடிச்சு, ஓட்டை இருக்கான்னு பாப்பாரு. ஒவ்வொரு போட்டிக்கும். பலூபி நீட்டுறப்போ கேப்பா, நல்லா பாருங்க பாக், உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்கன்னு.

சிரிக்கிறீங்க. சிரிங்க.

செமாராங் தேர்வுப் போட்டிக்கு வருவோம். வரேன் பாக், அதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். முதல் ரெண்டு பேருக்குத்தான் முகாம். முகாம்ல இருந்தாத்தான் ஆசியப் போட்டி. அன்னிக்குக் காலையில கம்பைக் கையில எடுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பஞ்சு உருண்டை புதுசு. யார் மாத்தினா? ராத்திரி கம்பெல்லாம் சாமான் ரூம்ல பூட்டி இருந்துச்சு. சாவி யார்கிட்ட? ரத்ரிகிட்ட. ரத்ரி யாரு? பாக் சசோங்கோவோட அண்ணன் மக, விளையாட்டுக் கல்லூரியில படிச்சு முடிச்சுட்டு வேலை தேடுறவ. இதையும் எழுதிக்கங்க. ரெண்டு மாசமா அந்தப் பொண்ணு பயிற்சிக்கு வந்து, போன்ல படம் பிடிக்குது. யாரை? பலூபியைன்னா சரி. என்னைப் பிடிக்குது பாக். தண்ணியில மீன் மாதிரி ஒருத்தி போறப்போ, கரையில நிக்கிற அம்பத்துமூணு வயசுக்காரியை எதுக்குப் பிடிக்கணும்? கம்பு என் கையில இருந்து அந்தப் பொண்ணு கைக்குப் போகணும். அவ்வளவுதான் கதை.

பக்கத்துப் பாதையில மகஸார் பொண்ணு. பத்தொன்பது வயசு, அவளுக்குத் தட்டுறவன் ஒரு தடியன். நான் கம்பை நீட்டுறப்போ எல்லாம் அவன் இருமினான். மூணு தடவை. சளியா இருக்கும்னு சொல்லுவீங்க. சளி பிடிச்சவன் நான் நீட்டுறப்போ மட்டும்தான் இருமுவானா?

எப்ப நீட்டணும்னு எனக்கு எப்படித் தெரியும்னா? என்ன கேள்வி பாக் இது. பலூபியை எனக்குத் தெரியாதா? ஒரு நீளத்துக்கு நாப்பத்தாறு கை போடுவா. காலையில நாப்பத்தாறு, சாயங்காலம் நாப்பத்தாறு, காய்ச்சல்லயும் நாப்பத்தாறு. நாப்பத்திநாலுல கம்பு இறங்கணும். என் மூச்சு மாதிரி அது எனக்கு.

இல்ல, பாத்தும்தான். பாக்காம எப்படி.

ஏன் பேனா நின்னுடுச்சு?

அது என்ன காகிதம், பையில இருந்து எடுக்கிறீங்க? கையெழுத்தா? எதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நான் போட மாட்டேன். கண்ணாடியை எங்கேயோ வெச்சுத் தொலைச்சுட்டேன், நீங்களே படிங்க. மெதுவா. முழுங்காம.

ம்.

ம். தேதி சரி.

என்னது? அந்த வரியை மறுபடி படிங்க.

தட்டினவங்க மேல தப்பு இல்லையா? அப்படியா எழுதியிருக்கு? அப்ப என்னைத் தூக்க வரலையா நீங்க? பதினஞ்சு நாளா தூக்கம் இல்லாம, யார் வருவாங்க, என்ன கேப்பாங்கன்னு... சரி. யார் சொன்னது அப்படி? பாக் சசோங்கோவா? அவரு சொல்ல மாட்டாரே.

பலூபியா?

தட்டு சரியான நேரத்துல விழுந்துச்சு, நான்தான் கவனிக்கலைன்னு சொல்லியிருக்காளா? அவ வாயாலயா? நீங்க பக்கத்துல இருந்தீங்களா? கைரேகை வெச்சிருக்கா. தையலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கா.

அப்ப அவளுக்கு என்ன பாக்? கீழ படிங்க. கவனம் குறையுது, வயசு இருபத்தாறு, இந்த முறை முகாம் வேணாம், அடுத்த முறை பரிசீலிக்கலாம். அடுத்த முறை நாலு வருஷம் கழிச்சு. முப்பது வயசுல. நோயாளியைப் பாக்கப் போற மாதிரி பேரிக்காய் வாங்கிட்டுப் போயி பாத்துட்டு வருவீங்க, அவ்வளவுதான்.

ஒண்ணு கேக்கிறேன். தட்டினவ தப்புன்னு இருந்தா என்ன ஆகும்? அதுக்கும் ஒரு விதி இருக்குமே. தனியா மறுபடி நீந்த விடுவீங்களா? அந்த நேரத்தை எடுத்துக்குவீங்களா? விதியில அப்படித்தான் இருக்கா?

ஓ.

கொஞ்சம் இருங்க பாக். ஒண்ணும் இல்ல. இருங்க.

ஏன் அப்படிச் சொன்னான்னு யோசிக்கிறேன். காரணம் இல்லாம எதையும் பண்றவ இல்ல அவ. தலையில மோதி, தண்ணியெல்லாம் செவப்பா, அப்பவும் உதைச்சுத் திரும்பி எட்டாவது நீளத்தை முடிச்சா. நாலாவது இடம். ஏறி வந்ததும் ரத்தத்தைக்கூடத் துடைக்கல, இபு எங்கேன்னுதான் கேட்டா. நான் பயந்துட்டேன், என்னைத் திட்டத்தான் தேடுறான்னு. ஆஸ்பத்திரிக்குப் போகல நான். பேதின்னு சொல்லிட்டு இங்க சோலோவுக்கு பஸ் ஏறிட்டேன். அவ ரெண்டு தடவை ஆள் அனுப்பினா. யாரோ சொல்லிக் குடுத்துத்தான் அனுப்புறா, ஏதோ சிக்க வைக்கப் பாக்குறான்னு நான் கதவைக்கூடத் திறக்கல.

அவ மேலயே சந்தேகப்பட்டேன் பாக். பலூபி மேல.

போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. குளத்துக்குப் பின்வாசல் வழியாப் போறோம். எப்பவும் அவ என் முழங்கையைப் பிடிச்சுக்குவா, நான் முன்னால நடப்பேன். பதினோரு வருஷமா அப்படித்தான். அன்னிக்கு நடுவுல அவ கை என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சு நிறுத்துது. படி, இபு, அப்படின்னா. மெதுவா, மத்தவங்க காதுல விழாம. படி இருந்துச்சு பாக். புதுசா சிமெண்ட் போட்டுக் கட்டியிருக்காங்க. முந்தின நாளு அவ அதுல இடிச்சிருக்கா, ஞாபகம் வெச்சிருக்கா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? எனக்குத் தெரியாதாடி, நீ எனக்குச் சொல்றியான்னு கத்தினேன். அவ அன்னியில இருந்து சுவரு நெருங்குறப்போ காலை ரெண்டு தடவை ஓங்கி உதைக்க ஆரம்பிச்சா. தப், தப்புன்னு, தண்ணி என் காலு வரைக்கும் தெறிக்கும். பாக் சசோங்கோ திட்டுவாரு, அந்த உதை எதுக்கு, வேகம் போகுதுன்னு. பழகிடுச்சு பாக்னு சொல்லுவா. நானும் பழக்கம்னுதான் நினைச்சேன். நினைச்சேன்னு என்னை நானே நம்ப வெச்சேன்.

செமாராங்ல முதல் மூணு தடவையும் உதைச்சா. ஏழாவதுல உதைக்கல. மகஸார் பொண்ணு அரை ஆள் முன்னால போயிருக்கா, அந்த அலை இவ தோள்ல அடிச்சிருக்கு. அதுக்கப்புறம் யாருக்கு உதைக்கிற ஞாபகம் இருக்கும்? இழுத்துட்டா. பதினோரு வருஷத்துல அவ அப்படி நீந்தி நான் கேட்டதில்ல. ஒவ்வொரு கையும் அவ்வளவு நீளம்.

நான் நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருக்கேன். நாப்பத்திமூணுலயே சுவரு வந்துடுச்சு அவளுக்கு.

கம்பு சரியாத்தான் இருந்துச்சு பாக். பஞ்சு கிழிஞ்சிருந்துச்சு, ரத்ரி மாத்தியிருப்பா, நல்லதுக்குத்தான். அந்தத் தடியனுக்குச் சளிதான். அதையெல்லாம் அடிச்சுடுங்க.

ரெண்டு வருஷமா எனக்குச் சக்கரை. கண்ணுல நடுவுல புகை மாதிரி இருக்கும். ஓரம் தெரியும். உங்க காது தெரியுது, சட்டைக் கை தெரியுது. முகம் இருக்கிற இடத்துல ஒண்ணும் இல்ல. வந்ததுல இருந்து உங்க காதோடதான் பேசிக்கிட்டிருக்கேன். குளத்துல விளக்கு போட்டா எல்லாம் ஒரே வெள்ளை, அவ தலைகூடத் தெரியாது. கைச்சத்தம் மட்டும்தான். பதினோரு வருஷமா ஒவ்வொரு போட்டிக்கும் அவ கண்ணாடியை வாங்கி விளக்குல பிடிச்சுப் பாத்தாங்க. என் கண்ணை ஒருத்தரும் பாக்கல. நானும் சொல்லல. சொன்னா மறுபடியும் துண்டு துவைக்கணும். அது பரவாயில்ல. அவ தலையில இன்னொருத்தி தட்டுறதை நான் கரையில நின்னு கேக்கணும். அதுதான் முடியல.

அதுக்கு அவ மண்டையைக் குடுத்தேன்.

எழுதுறீங்கல்ல? நல்லா எழுதுங்க. தட்டினவளுக்குப் பார்வை இல்ல, மறைச்சுட்டா, தப்பு முழுக்க அவளுதுன்னு. ஜுமிலான்னு முழுப் பேரு போடுங்க. அந்தப் பழைய காகிதத்தைக் கிழிச்சுடுங்க, என் காதுல விழுற மாதிரி. ம். சரி. இப்ப பேனாவைக் குடுங்க. எங்க போடணும்? இல்ல, காட்டாதீங்க, என் விரலைப் பிடிச்சு அந்தக் கோட்டு மேல வைங்க.

அவ்வளவுதான். தனியா நீந்துறது எப்பன்னு ரத்ரிகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, அந்தப் பொண்ணு கை பழகணும். இன்னொண்ணும் சொல்லுங்க, நாப்பத்தாறு இல்ல, இப்ப நாப்பத்திமூணுன்னு. அந்தப் பொண்ணுக்கு எண்ண வேண்டியதில்ல, கண்ணு இருக்கு. இருந்தாலும் சொல்லுங்க.

டீ ஆறியிருக்கும். குடிங்க பாக்.